அம்மைப்பால் முதல் ரூபெல்லா ஊசி வரை: பெற்றோர் தயக்கத்தின் வரலாறு

நோயுற்ற குழந்தைக்கு மருந்து கொடுக்கத் தயங்கும் தாய் எவரும் இலர். நோயே இல்லாத குழந்தையின் தோளில் ஊசி ஏற்றுவதற்கோ பெரும்பாலான தாய்மார் ஒரு கணமேனும் தயங்குகின்றனர். இந்தத் தயக்கம் அறியாமையின் விளைவு என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் கடந்த முந்நூறு ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போருக்கு வேறோர் உண்மை புலப்படும். கற்றோரும் தயங்கியிருக்கின்றனர், மேதைகளும் தலைவர்களும் தயங்கியிருக்கின்றனர். வரலாற்றில் அத்தயக்கம் நீங்கிய இடங்கள் உண்டு, முற்றிப் பகையாக மாறிய இடங்களும் உண்டு. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்ன என்பதே இக்கட்டுரையின் வினா.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் வாழும் எம்போன்றோருக்கு இது ஏட்டளவிலான வினா அன்று. கடையநல்லூர், புளியங்குடி, தென்காசி எனச் சுற்றிலும் முஸ்லிம்கள் செறிந்து வாழும் ஊர்கள். பல இல்லங்களில் தந்தை வளைகுடா நாட்டில் இருப்பார். புதன்கிழமை தோறும் சுகாதார நிலையத்தில் நடைபெறும் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிச் செல்வதா வேண்டாமா என்பது தாய், பாட்டி, கைப்பேசியின் மறுமுனையில் உள்ள தந்தை ஆகிய மூவர் கூடி முடிவெடுக்கும் செய்தியாகிவிட்டது. ஜும்ஆ முடிந்து வெளிவரும் வேளைகளில் ஆலிம்களிடம் அவர்கள் கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றே போல்வன: இந்த மருந்தில் ஹராமான பொருள் கலந்திருக்கிறதா? நம் சமுதாயம் பெருகாதிருக்கச் செய்யும் சூழ்ச்சி ஏதும் இதில் உண்டா? நோய் வருவது அல்லாஹ்வின் நாட்டம் எனில், அதற்கு முன்னரே ஊசி எதற்கு?

இக்கேள்விகளைக் கேட்போரைக் கடிந்துகொள்வதால் பயன் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை அறிந்தே விடை காண வேண்டும்.

ராஸீயும் இஸ்தான்பூலும்

பெரியம்மை எனப்படும் வைசூரியையும் தட்டம்மையையும் வெவ்வேறு நோய்களாகத் தெளிவுறப் பிரித்துக் காட்டித் தனிநூல் எழுதிய முதல் மருத்துவர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸீ. ஹிஜ்ரி 313 (கி.பி. 925) அளவில் மறைந்த அவர், ரய் நகரிலும் பாக்தாதிலும் மருத்துவமனைகளை நடத்தியவர். அரபியில் ஜுதரீ என்றும் ஹஸ்பா என்றும் வழங்கும் இவ்விரு நோய்களைப் பற்றிய அவரது நூல் பின்னர் லத்தீன் முதலான ஐரோப்பிய மொழிகளில் பெயர்க்கப்பட்டு, பல நூற்றாண்டுகள் பயிலப்பட்டது. கண்ணால் கண்டதைக் கண்டவாறு பதிவு செய்தலே அவர் கையாண்ட முறை.

வைசூரி ஒருமுறை கண்டவருக்கு மறுமுறை வருவதில்லை என்பதைப் பல நாட்டு மக்களும் அறிந்திருந்தனர். அந்த அறிவிலிருந்தே, இலேசான நோய் கண்டவரின் கொப்புளத்து நீரை நலமாயுள்ள குழந்தையின் தோலில் கீறி ஏற்றும் பழக்கம் பிறந்தது. உஸ்மானியப் பேரரசின் தலைநகரில் இது பரவலாக நடந்து வந்தது. அங்கிருந்த மருத்துவர்கள் திமோனியும் பிலாரினியும் இதைப் பற்றி எழுதிய குறிப்புகள் 1714-ஐ அடுத்த ஆண்டுகளில் இலண்டன் அரச கழகத்தை எட்டின. ஆங்கிலேயத் தூதரின் துணைவியார் மேரி மொண்டேகு 1717-இல் இப்பழக்கத்தை நேரில் கண்டறிந்தார். வைசூரியால் தம் உடன்பிறந்தவரை இழந்து, தாமும் முகத்தில் தழும்பு சுமந்தவர் அவர். 1718-இல் தம் மகனுக்கு இஸ்தான்பூலிலேயே இதைச் செய்வித்தார். 1721-இல் இலண்டனில் கொள்ளைநோய் பரவியபோது மகளுக்கும் செய்வித்தார். ஐரோப்பா இதைக் கற்றுக்கொண்டதில் துருக்கி நாட்டு மூதாட்டிகளின் கைத்திறனுக்கும் பங்குண்டு. தடுப்பு முறை முழுவதும் அந்நியர் நம்மீது சுமத்தியது என்று எண்ணுவோர் இதனை நினைவிற்கொள்ளல் நலம்.

எனினும் இம்முறையில் ஆபத்து இருந்தது. ஏற்றப்படுவது உண்மையான வைசூரியே ஆதலால், நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் அதனாலேயே மாண்டனர். இயல்பாக நோய் கண்டவருள் மாண்டோர் அதனினும் பன்மடங்கு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1721-இல் நோய் பரவியபோது எண்ணூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அங்கு இம்முறையை முதலில் எடுத்துரைத்தவர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஒனீசிமஸ் என்பார். தம் தாயகத்தில் தமக்கே இது செய்யப்பட்டதென்று அவர் கூற, பாதிரியார் காட்டன் மாதர் அதை ஏற்று மருத்துவர்களுக்கு எழுதினார்.

ஒரு தந்தையின் வருத்தம்

அதே பாஸ்டனில் பிறந்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். அறிவியலாளர், அச்சகர், பின்னாளில் அமெரிக்க விடுதலையின் தலைவர்களுள் ஒருவர். அம்மை குத்துவதை அவர் நம்பினார். தம் செய்தித்தாளில் ஆதரித்தும் எழுதினார். ஆயினும் 1736-இல் அவருடைய நான்கு வயது மகன் பிரான்சிஸ் வைசூரியால் இறந்தான். அவனுக்கு அம்மை குத்தியிருக்கவில்லை. அம்மை குத்தியதனாலேயே பிள்ளை இறந்தான் என்று ஊரார் பேசிக்கொண்டபோது, அது உண்மையன்று என்று அந்தத் தந்தையே அச்சிட்டு அறிவிக்க நேர்ந்தது. பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் இதை அவர் நினைவுகூர்ந்து வருந்துகிறார். தாமே முன்வந்து செய்த ஒன்றால் பிள்ளை இறந்தால் தம்மைத் தாமே மன்னிக்க இயலாது என்று கருதிப் பெற்றோர் விலகி நிற்கின்றனர். செய்யாமல் விட்டு இழந்தாலும் வருத்தம் அதுவே என்பதால், ஆபத்துக் குறைந்த வழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது அவர் கூற்றின் சாரம்.

பெற்றோர் தயக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. செய்த செயலால் வரும் தீங்கு கண்ணுக்குத் தெரிகிறது. செய்யாமையால் வரும் தீங்கு விதியின் பெயரால் மறைந்துவிடுகிறது. முதலாவதற்குத் தாம் பொறுப்பு என்றும் இரண்டாவதற்குப் பொறுப்பில்லை என்றும் மனம் கணக்கிடுகிறது. ஆனால் அமானிதமாகப் பெற்ற பொருளைப் பூட்டாத வீட்டில் விட்டுச் சென்றவன், தான் எதுவும் செய்யவில்லையே என்று கூறித் தப்ப முடியுமா? காப்பதில் காட்டிய அலட்சியத்துக்கும் பொறுப்புண்டு என்பது நம் ஃபிக்ஹு நூல்கள் நன்கறிந்த விதி.

பஸ்ராவிலிருந்து வந்த மருந்து

1796 மே 14 அன்று இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர், பசுவின் மடியில் தோன்றும் இலேசான அம்மையின் நீரை எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கீறி ஏற்றி, அது வைசூரியைத் தடுப்பதைக் காட்டினார். இதில் பழைய முறையின் உயிராபத்து பெரிதும் நீங்கிற்று. 1798-இல் அவரது நூல் வெளிவந்தது. இந்த அம்மைப்பால் இந்தியாவுக்கு வந்த வழி நம் கவனத்துக்குரியது. கடல் வழியே நேரே அனுப்பியவை வெப்பத்தால் வீரியம் இழந்தன. பின்னர் வியன்னாவிலிருந்து தரை வழியாக இஸ்தான்பூல், பாக்தாத், பஸ்ரா நகரங்களைக் கடந்து, அங்கிருந்து கப்பலேறி அது பம்பாயை அடைந்தது. 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுச் சிறுமிக்கு ஏற்றப்பட்ட அம்மைப்பாலே இந்தியாவில் பற்றிய முதல் அம்மைப்பால். அவள் கையிலிருந்து எடுத்த நீரே கைக்குக் கை மாறிச் சில மாதங்களில் சென்னை மாகாணத்தையும் எட்டிற்று.

கைக்குக் கை என்பது வெறும் உவமையன்று. ஒரு குழந்தையின் தோளில் எழும்பிய கொப்புளத்தை எட்டாம் நாள் அளவில் கீறி, அந்த நீரை அடுத்த குழந்தைக்கு ஏற்றுவர். அம்மை குத்துவோர் வரும்போது, குத்தப்பட்ட ஒரு குழந்தையையும் அழைத்து வருவர். யாருடைய குழந்தை, எக்குலத்தது, என்ன நோயுடையது என்ற ஐயங்கள் எழுந்தன. தம் பிள்ளையின் கையைக் கீறி நீர் எடுக்கவும் தாய்மார் மறுத்தனர். இது பொருளற்ற அச்சமும் அன்று. இம்முறையால் வேறு நோய்கள் தொற்றியதை ஐரோப்பிய மருத்துவரே பின்னர் ஒப்புக்கொண்டனர். கன்றுகளிடமிருந்து அம்மைப்பால் எடுக்கும் முறை வந்த பின்னரே இக்குறை நீங்கியது. சென்னைக் கிண்டியில் 1899-இல் நிறுவப்பட்ட கிங் நிலையம் அப்பணிக்கென எழுந்ததே.

மக்களின் நம்பிக்கையும் குறுக்கே நின்றது. அம்மை என்பது தெய்வத்தின் வருகை என்று இந்நாட்டு மக்கள் கருதினர். சங்கரன்கோவில் கோமதி அம்மன் சந்நிதியின் புற்றுமண் தோல் நோய்களுக்கு மருந்தாகக் கொள்ளப்படுவதை இன்றும் காணலாம். நம் இல்லங்களிலும் வாசலில் வேப்பிலை செருகுவதும், குணமான பின் ‘தண்ணீர் ஊற்றுவதும்’ வழக்கமாயிருந்தன. உடன் ஓதி ஊதுதலும் நடந்தது. ஆகவே, நோயை முன்கூட்டியே வலிந்து வரவழைப்பது போன்ற ஒரு செயலை மக்கள் அஞ்சியது இயல்பே.

நல்லெண்ணத்தில் புனைந்த பொய்

இந்த அச்சத்தைப் போக்கக் கும்பினி அதிகாரிகளுள் சிலர் ஒரு குறுக்கு வழியைக் கையாண்டனர். திருக்குறளில் ஈடுபாடு கொண்டவராகத் தமிழுலகம் போற்றும் எல்லீஸ், அம்மனும் தன்வந்திரியும் உரையாடுவது போலத் தமிழில் ஓர் ஆக்கத்தை எழுதினார். பசுவின் அம்மைப்பால் தெய்வம் தந்த அருள் என்று மக்கள் கொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம். தன்வந்திரி அம்மைப்பாலைப் பற்றி முன்னரே எழுதிவிட்டார் என்று காட்டும் வடமொழி மேற்கோள் ஒன்று 1819-இல் மதராஸ் கூரியர் இதழில் வெளிவந்தது. அப்படியொரு பழைய நூல் இருந்ததில்லை. ஆனால் பொய்யின் ஆயுள் நீண்டது. 1905-இல் கிங் நிலையத்தின் திறப்பு விழாவில் ஆளுநர் ஆம்ட்ஹில் பிரபு, பண்டைய இந்தியர் அம்மைப்பாலை அறிந்திருந்தனர் என்று இந்தத் தன்வந்திரி மேற்கோளையே நம்பிப் பேசினார். மக்களுக்கென விரித்த வலையில் அரசே சிக்கிக்கொண்டது.

ஹதீஸ் கலை பயின்றோருக்கு இந்நிகழ்ச்சி உடனே வேறொன்றை நினைவூட்டும். நூஹ் இப்னு அபீ மர்யம் என்பவர், மக்கள் குர்ஆனை விட்டுவிட்டு ஃபிக்ஹிலும் போர் வரலாறுகளிலும் மூழ்கிவிட்டனர் என்று வருந்தி, ஒவ்வொரு சூராவின் சிறப்பையும் கூறும் ஹதீஸ்களைப் புனைந்தார் என்று உஸூலுல் ஹதீஸ் நூல்கள் குறிப்பிடுகின்றன. நோக்கம் நன்மையே. ஆயினும் முஹத்திஸ்கள் அவரை மன்னிக்கவில்லை. பொய்யர் பட்டியலில் சேர்த்தனர். நன்மைக்கான பொய், தீமைக்கான பொய்யைக் காட்டிலும் ஆபத்தானது என்று இமாம்கள் கருதினர். நல்லோர் வாயிலிருந்து வருவதால் மக்கள் அதை எளிதில் நம்பிவிடுவர் அல்லவா? ஒருநாள் அது பொய் எனத் தெரியும்போது, மெய்யும் சேர்ந்தே சந்தேகத்துக்கு ஆளாகும்.

தடுப்பூசியின் வரலாற்றில் இவ்விதி மீண்டும் மீண்டும் மெய்ப்பட்டிருக்கிறது.

வற்புறுத்தலும் வஞ்சனையும்

இங்கிலாந்து 1853-இல் அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கியது. மறுத்தோருக்குத் தண்டம் விதித்தது, எதிர்ப்பு தணியவில்லை. 1885-இல் லெஸ்டர் நகரில் பெருந்திரளான மக்கள் ஊர்வலம் சென்றனர். முடிவில் 1898-இல் மனச்சான்றின் பேரில் மறுப்போருக்கு விலக்களிக்க அரசு இணங்கியது. படித்த வெள்ளையரின் நாட்டிலேயே வரலாறு இதுவானால், ஆள்வோர் அந்நியராயிருந்த நம் நாட்டில் ஐயம் மிகுந்ததில் வியப்பில்லை. காந்தியடிகளும் அம்மை குத்துவதை ஏற்றுக்கொண்டவர் அல்லர்.

விடுதலை பெற்ற இந்தியாவில் 1975 முதல் 1977 வரை நீடித்த நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடை, வட இந்திய முஸ்லிம்களின் நெஞ்சில் ஆறாத வடுவை விட்டுச் சென்றது. ஒரு தலைமுறைக்குப் பின், உத்தரப்பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் போலியோ சொட்டு மருந்துடன் அரசு ஊழியர் கதவைத் தட்டியபோது, பழைய அச்சம் புது வடிவில் எழுந்தது. மலடாக்கும் மருந்து என்ற வதந்தி பரவியது. வீட்டில் வேறெந்த நோய்க்கும் தலைகாட்டாத சுகாதாரத் துறை, இந்த ஒரு சொட்டுக்காக மட்டும் மாதந்தோறும் வருவது ஏன் என்று பெற்றோர் கேட்டனர். 2002-இல் இந்தியாவில் பதிவான போலியோ நோயாளிகள் 1,600 பேர், பெரும்பகுதி உத்தரப்பிரதேசத்தில். முடங்கிய கால்களில் நம் சமுதாயக் குழந்தைகளின் கால்கள் அவர்தம் மக்கள்தொகை விகிதத்தினும் மிகுதி.

அந்நிலை எவ்வாறு மாறியது? மிரட்டலால் அன்று. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமிஆ மில்லிய்யா, ஜாமிஆ ஹம்தர்த் ஆகிய நிறுவனங்கள் பணியில் இணைந்தன. உலமாக்கள் ஆதரவு அறிக்கைகள் அளித்தனர். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில் அறிவிப்புச் செய்யப்பட்டது. அந்தந்த மஹல்லாவைச் சேர்ந்த பெண்களே வீடு வீடாகச் சென்று பேசினர்; குழந்தையின் வயிற்றுப்போக்கு, குடிநீர், துப்புரவு பற்றியும் பேசினர். இந்தியாவில் காட்டுப் போலியோ நுண்மியால் தாக்கப்பட்ட கடைசிக் குழந்தை மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் 2011 ஜனவரி 13 அன்று கண்டறியப்பட்டது. 2014 மார்ச் 27 அன்று நாடு போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் நடந்தது. 1996-இல் அங்கு மூளைக்காய்ச்சல் பரவியபோது, பைசர் நிறுவனம் ஒரு புதிய மருந்தைச் சுமார் 200 குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வில் சோதித்தது. முறையான ஒப்புதல் பெறப்படவில்லை என்ற குற்றச்சாட்டு வழக்குகளாக வளர்ந்து, 2009-இல் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது. அந்த நினைவு மறையாதிருந்த 2003-இல், கானோ மாநிலம் போலியோ சொட்டு மருந்தை நிறுத்தியது. ஓராண்டளவு நீடித்த அத்தடை, முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் தயாரான மருந்தை வரவழைத்த பின்னரே நீங்கியது. அதற்குள் நோய் பல நாடுகளுக்குப் பரவிவிட்டது.

2011-இல் பாகிஸ்தானின் அப்போட்டாபாதில் உஸாமா பின் லாதினின் இருப்பிடத்தை உறுதிசெய்ய, அமெரிக்க உளவுத்துறை மஞ்சள்காமாலைத் தடுப்பூசி முகாம் ஒன்றை வேடமாகப் பயன்படுத்தியது. 2012-இல் வஜீரிஸ்தானில் ஆயுதக் குழுக்கள் போலியோ மருந்தைத் தடை செய்தன; தொடர்ந்து, சொட்டு மருந்துடன் வீடு வீடாகச் சென்ற ஏழைப் பெண்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இனி அவ்வாறு செய்வதில்லை என்று 2014-இல் அமெரிக்க அரசு அறிவித்தது. வேடமிட்டவர் ஒருவர், உயிர் துறந்தவர் வேறொருவர், கால் முடங்கிய குழந்தையோ இருவரையும் அறியாதது.

கேள்வி கேட்டோர் அனைவரும் மூடர் அல்லர்

1948-இல் கிண்டியில் பி.சி.ஜி. மருந்து ஆய்வகம் தொடங்கப்பட்டது. காசநோய்க்கான இந்த ஊசியை 1955-இல் வன்மையாக எதிர்த்தவர் இராஜாஜி; எதிர்ப்பின் காரணங்களை விளக்கி நூலும் எழுதினார். முதலமைச்சராயிருந்த ஒருவரே எதிர்த்ததால் சென்னை மாகாணத்தில் பெருங்குழப்பம் நேர்ந்தது. 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரிய ஆய்வு, வளர்ந்தோருக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்று காட்டிற்று. ஆனால் சிறு குழந்தைகளைத் தாக்கும் மூளைக் காசநோய் போன்ற கொடிய வகைகளிலிருந்து அது காக்கிறது என்பது வேறு ஆய்வுகளால் தெளிவானது. எனவேதான் பிறந்த குழந்தைக்கு இன்றும் அது போடப்படுகிறது. வினாவைத் தீர்த்து வைத்தது வசையும் புகழுரையும் அன்று, பொறுமையான சோதனையே.

இன்னொரு நிகழ்ச்சியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. தமிழகமே அதிர்ந்தது. ஊர் ஊராகச் சென்று ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் மட்டும் போடுமாறு அரசு ஆணையிட்டது. பாதுகாப்பு கருதி எடுத்த முடிவுதான் எனினும், தொலைவும் அச்சமும் சேர்ந்து பல தாய்மாரை விலக்கி வைத்தன. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் எல்லா அடிப்படைத் தடுப்பூசிகளையும் பெற்ற 12 முதல் 23 மாதக் குழந்தைகள் 2005–06-இல் நூற்றுக்கு 80.9, 2015–16-இல் 69.7. 2019–21-இல் இது 89.2 ஆக உயர்ந்தது. இழந்த நம்பிக்கையை மீட்க ஏறத்தாழ ஒரு தலைமுறைக் குழந்தைப் பருவம் கழிந்தது.

தடுப்பூசியால் தீங்கே நேராது என்று சொல்வோர் உண்மை சொல்பவர் அல்லர். வாய்வழிப் போலியோ மருந்தால் சுமார் 25 இலட்சம் தவணைகளுக்கு ஒரு குழந்தை என்ற அளவில் முடக்கம் நேர்வதுண்டு. அதனாலேயே இந்தியா 2015 முதல் ஊசி வழி மருந்தையும் சேர்த்தது. கரைத்த தட்டம்மை மருந்தை நான்கு மணி நேரத்துக்குமேல் வைத்திருந்து போட்டால் கிருமி பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். இவற்றை மறைக்காமல் சொல்லி, மறுதட்டில் நோயின் எடையையும் வைத்துக் காட்ட வேண்டும். 1963-இல் தட்டம்மைக்குத் தடுப்பூசி வருமுன் உலகில் ஆண்டுதோறும் சுமார் 26 இலட்சம் பேர் அந்நோயால் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நம் பாட்டிமார் ‘மணல்வாரி’ என்று எளிதாகச் சொன்ன நோய் அதுதான்.

செய்தியை அறிவிப்பவர் யார்?

2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி தமிழகத்தில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ள ஒன்றே முக்கால் கோடிக் குழந்தைகளுக்குப் போடத் திட்டமிடப்பட்டது. அப்போது வாட்ஸ்அப்பில் பரவிய குரல் பதிவுகளால் பள்ளிக்கூடங்களில் பெற்றோர் பலர் மறுப்புக் கடிதம் கொடுத்தனர். இதில் முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர் என்ற வேறுபாடில்லை. இயக்கத்தை மார்ச் வரை நீட்டிக்க நேர்ந்தது. ரூபெல்லா குழந்தைக்கு இலேசான காய்ச்சலாகவே வந்து போகும். ஆனால் கருவுற்ற தாயைத் தொற்றினால் பிறக்கும் குழந்தை செவிடாகவோ, கண்புரையுடனோ, இதயக் குறையுடனோ பிறக்கலாம். இன்று ஊசி பெறும் சிறுமி நாளைய தாய் என்பதை அக்குரல் பதிவுகள் சொல்லவில்லை.

யார் சொன்னது, அவரிடம் யார் சொன்னது, இருவரும் சந்தித்தனரா, சொன்னவர் நினைவாற்றலும் நேர்மையும் உடையவரா என்று அடுக்கடுக்காக வினவி, ஆயிரக்கணக்கான அறிவிப்பாளர்களின் வாழ்வைத் துருவி ஆராய்ந்த சமுதாயம் நம்முடையது. ஜர்ஹு, தஃதீல் என்னும் அக்கலையை மதரஸாவில் ஓதிவிட்டு, பெயர் தெரியாதவரின் குரல் பதிவை வினாவின்றி அடுத்தவருக்கு அனுப்புவது எப்படிப் பொருந்தும்? ‘மஜ்ஹூல்’ என்று ஒதுக்கத் தக்க அறிவிப்பாளர் அல்லவா அவர்?

அதே அளவுகோலை மருத்துவச் செய்திக்கும் வைத்துப் பார்க்கலாம். தட்டம்மை ஊசியால் ஆட்டிசம் வருகிறது என்ற பேச்சின் மூலம் எது? 1998-இல் இங்கிலாந்தின் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் தலைமையில் லான்செட் இதழில் வந்த ஒரு கட்டுரை. ஆராயப்பட்ட குழந்தைகள் பன்னிரண்டே பேர். தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்க முயன்ற வழக்கறிஞர் தரப்பிலிருந்து அவர் பணம் பெற்றதும், தரவுகளில் நேர்மையின்மை இருந்ததும் வெளிவந்தன. 2010-இல் இதழ் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் மருத்துவர் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியான ஆய்வு, அப்படியொரு தொடர்பு இல்லை என்று காட்டியது. அறிவிப்பாளர் பழுதுபட்டவர், அறிவிப்போ பலர் வழியாக வந்த உறுதியான செய்திக்கு முரணானது. நம் கலையின் மொழியில் இதற்குத் தீர்ப்பு சொல்ல அதிக நேரம் வேண்டியதில்லை.

ஹராம் பற்றிய கேள்வி

சில தடுப்பூசிகளில் மருந்தின் வீரியம் கெடாதிருக்க ஜெலட்டின் சேர்க்கப்படுகிறது. அது பன்றியிலிருந்தும் எடுக்கப்படுவதுண்டு. கேள்வி நியாயமானது, மறைக்க வேண்டியதும் இல்லை. 1995-இல் குவைத்தில் இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பு கூட்டிய அறிஞர் கருத்தரங்கு, ஒரு பொருள் முற்றிலும் வேறு பொருளாக மாறிவிடும்போது (இஸ்திஹாலா) அதன் சட்டமும் மாறும் என்ற விதியின்படி ஜெலட்டினைத் தூய்மையானதாகக் கொண்டது. 2018-இல் இந்தோனேசிய உலமா சபை வேறு வழியில் சென்றது. இந்தியாவில் தயாராகும் தட்டம்மை–ரூபெல்லா மருந்தில் பன்றிவழிப் பொருள் சம்பந்தப்பட்டிருப்பதால் அது ஹராமே என்றும், மாற்று மருந்து கிடைக்காத நிர்ப்பந்தத்தாலும் நோயின் ஆபத்தாலும் இப்போது அதைப் பயன்படுத்துவது கூடும் என்றும் ஃபத்வா அளித்தது. வழிகள் இரண்டு, இரண்டும் சேருமிடம் ஒன்று. ஃபத்வாவின் முற்பகுதியை மட்டும் கேட்டுப் பிற்பகுதியைக் கேளாது விட்ட அச்சே பகுதியில் ஊசி போட்டோர் தொகை மிகக் குறைந்துபோனது. பாதிச் செய்தியும் பொய்ச் செய்தியின் வேலையைச் செய்யும்.

தவக்குல் பற்றிய வினாவுக்கு உமர் (ரலி) அவர்களின் வாழ்வில் விடை உண்டு. ஹிஜ்ரி 18-ஐ ஒட்டி ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவிய செய்தி ஸர்ஃக் என்னுமிடத்தில் அவர்களை எட்டியது. முஹாஜிர்கள், அன்சாரிகள், குறைஷி மூத்தோர் என மூன்று குழுவினரிடம் கலந்தாலோசித்துத் திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். இறை நாட்டத்திலிருந்து ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) கேட்டபோது, ஒரு நாட்டத்திலிருந்து மற்றொரு நாட்டத்துக்கே செல்வதாக விளக்கினார்கள். பின்னர் அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து, கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் செல்ல வேண்டாம் என்ற நபிமொழியை அறிவித்தபோது அம்முடிவு உறுதிப்பட்டது. ஆலோசனை, நம்பத்தக்கவரின் செய்தி, பிறகு செயல் என்ற வரிசையை இங்கே காண்கிறோம். ஹஜ்ஜுக்குச் செல்லும் நம் பெரியவர்கள் மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைத் தயங்காமல் போட்டுக்கொள்கின்றனர். அது தவக்குலுக்கு முரணாகவில்லை எனில், வீட்டிலிருக்கும் பேரக் குழந்தைக்குப் போடுவது மட்டும் எப்படி முரணாகும்?

தட்டம்மை கண்ட ஒரு குழந்தையிடமிருந்து, காப்பற்ற பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்கு அந்நோய் தொற்றலாம் என்பர். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் காப்புப் பெற்றாலன்றி அது ஊரைவிட்டு விலகாது. ஆகவே ஒரு வீட்டின் முடிவு அந்த வீட்டோடு நிற்பதில்லை. ஊசி போடும் வயதை எட்டாத அண்டை வீட்டுப் பச்சிளங் குழந்தையும், நோயால் ஊசி போட இயலாத குழந்தையும் அதன் பயனையோ கேட்டையோ அடைகின்றனர். தனக்கும் தீங்கில்லை, பிறர்க்கும் தீங்கில்லை என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று.

முந்நூறு ஆண்டு வரலாறு தரும் பாடம் இதுவே: கட்டளையும் வஞ்சனையும் தயக்கத்தை வளர்த்தன; உண்மையும் உடனிருப்பும் அதைத் தணித்தன. மருத்துவர் பக்கவிளைவை மறைக்காது சொல்லட்டும். ஊசிக்குப் பின் அரை மணி நேரம் தாயோடு இருந்து கவனிக்கட்டும். ஆலிம்கள் தமக்குத் தெரியாத மருத்துவச் செய்தியில் தீர்ப்புரைக்காமல், தெரிந்தவரை அழைத்து மஹல்லாவின் முன் பேசச் செய்யட்டும். தம் பேரப்பிள்ளைகளுக்கு முதலில் போடட்டும். பெற்றோர், கைப்பேசியில் வந்த குரலுக்குச் செவிகொடுப்பதற்கு முன் அதன் அறிவிப்பாளர் யார் என்று கேட்கட்டும். விடை கிடைக்காவிடில் அதை அடுத்தவருக்கு அனுப்பாது நிறுத்திவிட்டு, புதன்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குச் சென்று அங்குள்ள செவிலியரிடம் தம் ஐயத்தைக் கேட்கட்டும்.